கதை தெரிந்தவர்களுக்கான நாடகம்

மலாக்காக் கடலோரத்தில் பார்வையாளர்களையே சுழற்றிக் காட்டும் அரங்கம் ஒன்று இருக்கிறது. என்கோர் மலாக்கா என்று பெயர், 2018-இல் திறந்தார்கள். சீன இயக்குநர் வாங் சாவ்கே அமைத்த காட்சி. ஏறக்குறைய 2000 பேர் உட்காரலாம். நாற்காலிகள் இருக்கும் தளம் முழுவதும் மெல்லத் திரும்ப, சுற்றிலும் காட்சிகள் விரியும். ஜாசின் பக்கத்துத் தமிழ்ப் பள்ளி ஒன்றில் ஆசிரியையாக இருக்கும் என் அக்காள் மகள் அதைப் பார்த்துவிட்டு வந்து வாய் ஓயாமல் பேசினாள். கடைசியில் ஒரு கேள்வியும் கேட்டாள். "அடுத்த சனிக்கிழமை எங்க ஸ்கூல் மண்டபத்துல வள்ளி திருமணம் போடுறாங்க மாமா. நூறு நாற்காலிதான். அவ்வளவு பெரிசப் பாத்த கண்ணுக்கு இது எடுபடுமா?"

எடுபடும். ஆனால் கண்ணைக் கொஞ்சம் பழக்கிக்கொண்டு போக வேண்டும். சுருக்கமாகச் சொல்லி முடிக்கிற சங்கதி இல்லை, இன்னொரு கோப்பை தே ஓ கலக்கிக்கொண்டு வந்து உட்காரும்மா என்றேன். அவளுக்குச் சொன்னதைத்தான் இங்கே வரிசைப்படுத்தித் தருகிறேன்.

முதலில், சின்ன அரங்கு என்றால் என்ன? நாற்காலிகளை எண்ணிப் பார்த்துச் சொல்லிவிட முடியாது. நடிப்பவருக்குப் பார்ப்பவர் முகம் தெரிந்தால் அது சின்ன அரங்கு. போலந்து நாட்டில் யெர்சி குரோட்டோவ்ஸ்கி என்ற இயக்குநர் 1959-இல் ஓப்போலே என்ற ஊரில் ஓர் அரங்கை ஏற்று நடத்தினார். அதன் பெயரே 'பதின்மூன்று வரிசை அரங்கம்'. ஒப்பனையை எடுத்துவிடு, நாடகம் நடக்கும். திரைச்சீலையை எடு, நடக்கும். தனி விளக்கு, தனி இசை எதுவும் வேண்டாம், அப்போதும் நடக்கும். நடிப்பவருக்கும் பார்ப்பவருக்கும் நடுவே அந்த நேரத்தில் ஓடுகிற உறவை எடுத்துவிட்டால் மட்டும் நாடகம் இல்லை. இதுதான் அவர் வாதம். இதை 'ஏழை அரங்கு' என்று சொன்னார். உலகமே திரும்பிப் பார்த்தது. தோட்டத்து மாரியம்மன் கோயில் வாசலில் சாக்கு விரித்து உட்கார்ந்தவர்களுக்கு அது கொள்கை இல்லை, வழக்கம்.

அந்த வழக்கம் எப்படி வேலை செய்தது என்று புரிய வேண்டுமானால் தமிழ்நாட்டு 'ஸ்பெஷல் நாடக'த்திலிருந்து தொடங்க வேண்டும். மதுரை, புதுக்கோட்டை, திண்டுக்கல், காரைக்குடி வட்டாரங்களில் கோயில் திருவிழாக்களுக்கு இன்றும் நடக்கிற இசை நாடகம் இது. இதற்கு நாடகக் கம்பெனி கிடையாது. விழா நடத்துகிறவர்கள் ராஜபார்ட்டை ஓர் ஊரிலிருந்தும், ஸ்திரீபார்ட்டை வேறோர் ஊரிலிருந்தும், பபூனை மூன்றாவது ஊரிலிருந்தும் தனித்தனியாகப் பேசி வரவழைப்பார்கள். ஆர்மோனியக்காரர், மிருதங்கக்காரர் எல்லாருக்கும் தனித்தனி ஒப்பந்தம். அன்றைக்கு யாரோடு நடிக்கப் போகிறோம் என்பதே பல நேரம் அரிதாரம் பூசும் இடத்தில்தான் தெரியவரும். இரவு பத்து மணிக்குத் தொடங்கினால் விடிய விடிய நடக்கும்.

"ஒத்திகையே இல்லாமலா? பத்து நிமிஷ நாடகத்துக்கு நாங்க பிள்ளைங்கள ஒரு மாசம் போட்டு வாட்டுறோம்!"

ஒத்திகையே இல்லாமல்தான். ஜப்பானின் நோ நாடகத்திலும் ஏறக்குறைய இந்த ஏற்பாடுதான். ஆட்டக்காரரும் பாடகர் குழுவும் மேளக்காரரும் தனித்தனியாகப் பயின்றவர்கள், மேடைக்கு முன் அதிகம் போனால் ஒரே ஒரு முறை சேர்ந்து பார்ப்பார்கள். இங்கேயும் அங்கேயும் ரகசியம் ஒன்றுதான்: எல்லாருக்கும் ஒரே பாடம் மனப்பாடம். கல்யாணப் பந்தியில் பரிமாறுகிறவர்கள் ஒருவரை ஒருவர் அறியாதவர்களாக இருந்தாலும், இலையில் உப்புக்கு அடுத்தது என்ன, சாம்பாருக்கு அடுத்தது என்ன என்பதில் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை அல்லவா? அந்த வரிசையை நாடகத்துக்குப் போட்டுக் கொடுத்தவர் சங்கரதாஸ் சுவாமிகள். 1867-இல் தூத்துக்குடிப் பக்கம் பிறந்தவர், 1922-இல் புதுச்சேரியில் மறைந்தார். வள்ளி திருமணம், பவளக்கொடி, கோவலன், சத்தியவான் சாவித்திரி, அபிமன்யு சுந்தரி என்று அவர் எழுதி வைத்த பாட்டும் விருத்தமும் வசனமும்தான் நூறாண்டாக மேடையின் பொதுச் சொத்து. இன்ன இடத்தில் இன்ன பாட்டு, இன்ன மெட்டு என்று எல்லாருக்கும் தெரியும். நடுவில் வருகிற வசனத்தை அவரவர் கெட்டிக்காரத்தனத்துக்கு ஏற்ப வளர்த்துக்கொள்ளலாம். பாட்டுக்கு வந்துவிட்டால் எல்லாரும் ஒரே இடத்தில் வந்து சேர்ந்துவிடுவார்கள்.

இதில் ஆர்மோனியக்காரர் பங்கு பெரிது. அவரை மேடைக்கு அடியிலோ ஓரத்து இருட்டிலோ ஒளித்து வைப்பதில்லை; எல்லார் கண்ணிலும் படுகிற மாதிரி மேடைப் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். நடிகர் வசனத்தை இழுத்துக்கொண்டே போனால் அடுத்த பாட்டின் சுருதியை லேசாகத் தொட்டு, போதும் வா என்று கூப்பிடுவார். அடி மறந்தவருக்கு மெட்டை வாசித்து நினைவூட்டுவார். பின்பாட்டும் பாடுவார். அவர் கையைக் கவனித்தால் நாடகத்தின் கடிவாளம் எங்கே இருக்கிறது என்று தெரிந்துவிடும்.

பழைய நாடகப் பாட்டு ஏன் அவ்வளவு உச்சத்தில் இருக்கிறது என்பதற்கும் காரணம் எளிது. ஒலிபெருக்கி வராத காலம். திறந்த வெளி. ஆயிரம் பேர் கூடிய இடத்தில் கடைசியில் நிற்கிறவருக்கும் சொல் போய்ச் சேர வேண்டும். எஸ்.ஜி. கிட்டப்பாவும் கே.பி. சுந்தராம்பாளும் பெயர் வாங்கியதற்கு இசை ஞானம் ஒரு பாதி, உச்சத்தில் நின்றும் சொல் தேயாத தொண்டை மறுபாதி. 27 வயதில், 1933-இல் கிட்டப்பா இறந்துபோனார். அந்தக் குரல் பாணி பிறகு சினிமாவுக்குப் போனது. 1931-இல் தமிழ்ப் பேசும் படம் வந்தபோது, தொடக்க காலப் படங்கள் பெரும்பாலும் கேமராவுக்கு முன்னால் நடந்த மேடை நாடகங்களே.

வள்ளி திருமணத்துக்கு வருவோம். கதை எல்லாருக்கும் தெரியும். வேடர் தலைவன் நம்பிராசன் வள்ளிக்கிழங்கு அகழ்ந்த குழியில் ஒரு பெண் குழந்தையைக் கண்டெடுக்கிறான். வளர்ந்த பெண்ணைத் தினைப்புனக் காவலுக்கு அனுப்புகிறான். பரண்மேல் நின்று கவண் கல்லால் கிளி விரட்டுகிறாள். நாரதர் வந்து அவளோடு வாதம் செய்துவிட்டு, திருத்தணிக்குப் போய் முருகனிடம் சொல்கிறார். முருகன் வேடனாக வருகிறான், வேங்கை மரமாக நிற்கிறான், கிழவனாகத் தள்ளாடி வந்து தேனும் தினைமாவும் கேட்கிறான். அண்ணன் பிள்ளையார் யானையாக வந்து மிரட்ட, வள்ளி கிழவனிடம் ஓடி ஒட்டிக்கொள்கிறாள். கல்யாணம். முழுக்கதையையும் ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடலாம். இதை எட்டு மணி நேரம் எப்படி நடத்துகிறார்கள்?

தர்க்கத்தால். நாரதருக்கும் வள்ளிக்கும் நடக்கிற வாதம் மட்டுமே மணிக்கணக்கில் போகும். ஆண் பெரிதா பெண் பெரிதா, இல்லறமா துறவறமா என்று நாரதர் மடக்க, வள்ளி திருப்பி மடக்குவாள். புராணத்தில் கேள்வி விழும், பதில் அன்றைய ஊர்ச் செய்தியில் வரும். ஒத்திகை இல்லாததால் நாரதர் அடுத்து என்ன கேட்பார் என்று வள்ளி நடிகைக்கே தெரியாது. அவள் திணறினால் கூட்டத்துக்குத் தெரியும். அவள் சாமர்த்தியமாக மீண்டால் கூட்டம் கைதட்டித் தீர்ப்புச் சொல்லும். எட்டு மணி நேரம் ஒரு கூட்டத்தைக் கட்டி வைப்பது கதையின் முடிவைப் பற்றிய ஆவல் அன்று. தெரிந்த கதையை இன்றைக்கு இவர்கள் எப்படிக் கொண்டுபோகிறார்கள் என்ற ஆவல்.

மலாக்காக்காரர்களுக்கு இது புதிதாக இருக்கத் தேவையில்லை. நம் ஊர் டொண்டாங் சாயாங்கை நினைத்துப் பாரும்மா. வயலினும் ரெபானாவும் கோங்கும் ஒலிக்க, இரண்டு பேர் பந்துன் பாட்டாலேயே ஒருவரை ஒருவர் சீண்டுவதும் பதில் சொல்வதும். மலாய்க்காரர்கள், பாபா நியோன்யாக்கள், போர்த்துகீசிய வழியினர், காஜா பேராங்கில் வாழும் மலாக்காச் செட்டிகள் என நான்கு சமூகமும் பாடுகிற கலை. 2018-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. தமிழ் வணிகர் வழி வந்து, மலாய் பேசி, சைவ வழிபாட்டை விடாமல் காக்கிற செட்டிகள் பந்துனுக்குப் பந்துன் கட்டியதும், தோட்டத்து வள்ளி நாரதருக்கு விடை சொன்னதும் ஒரே மாநிலத்தில்தான். இரண்டுக்கும் உயிர், பதில் எப்போது வரும் என்று காத்திருக்கும் கூட்டம்.

இந்தத் தர்க்கத்துக்குள் அரசியலும் நுழைந்தது. தினைப்புனத்தில் பறவை விரட்டும் வள்ளியின் காட்சியில், வெள்ளைக்காரரைக் கொக்காக வைத்துப் பாடிய பாட்டைத் தமிழ்நாட்டு மேடைகளில் பரப்பியவர் நாடக நடிகர் விசுவநாத தாஸ். பாட்டை எழுதியவர் மதுரகவி பாஸ்கரதாஸ். புராண நாடகத்தில் பறவை ஓட்டுவதைத் தடை செய்ய எந்தச் சட்டத்தில் இடம் இருக்கிறது? ஆனாலும் போலீஸ் வந்தது, விசுவநாத தாஸ் பல முறை சிறை போனார். 1940 டிசம்பர் 31 அன்று சென்னையில் முருகன் வேடத்தில் மேடையில் இருந்தபோதே அவர் உயிர் பிரிந்தது. கொக்கு யார் என்று கூட்டத்துக்குத் தெரிந்திருந்ததால்தான் அந்தப் பாட்டு வேலை செய்தது. நடிகர் பாதி சொல்ல, பார்ப்பவர் மீதியை நிரப்பினார்கள்.

"சரி மாமா, இது எப்படிக் கடல் தாண்டி வந்துச்சு?"

இரண்டு வழியில் வந்தது. முதல் வழி நேராகத் தமிழ்நாட்டிலிருந்து வரவில்லை. பம்பாயின் பார்சி நாடகக் கம்பெனிகள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஊர் ஊராகப் போயின. வரைந்த திரைச்சீலைகள், ஆர்மோனியம், காட்சிக்கு நடுவே ஆட்டம் பாட்டு என்று அவர்கள் காட்டிய பாணி தமிழ் மேடையையும் மாற்றியது. அதே கம்பெனிகள் 1870களில் பினாங்குக்கும் வந்தன. திரும்பிப் போன ஒரு குழுவின் உடைகளையும் சாமான்களையும் வாங்கிக்கொண்டு, மாமாக் புஷி என்பவர் 1885-இல் பினாங்கில் மலாய் மொழியில் ஒரு குழுவைத் தொடங்கினார். அதுதான் பங்சாவான். பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் மூன்றும் அன்று ஒரே நீரிணைக் குடியேற்றம். குழுக்கள் இந்த வழியே மேலும் கீழும் போய்வந்தன. திரை மாற்றும் இடைவெளியில் தனிப் பாட்டு, தனி ஆட்டம், சிரிப்புக்கென்று ஒருவர் என்று தமிழ் நாடகத்தில் இருந்தவை பங்சாவானிலும் இருந்தன. ஒரே தாய்க்குப் பிறந்த இரண்டு பிள்ளைகளைத் தமிழர் இங்கே மலாயில் பார்த்தார்கள், அங்கே தமிழில் பார்த்தார்கள்.

இரண்டாவது வழி ரப்பர். மலாயாவில் வணிகத்துக்கென ரப்பர் முதலில் நடப்பட்டது நம் மாநிலத்தில்தான். டான் சாய் யான் 1896-இல் புக்கிட் லிந்தாங்கில் சுமார் 40 ஏக்கரில் நட்டார். பிறகு புக்கிட் அசகானில் பெரிய அளவில் நட்டார். அதன்பின் வரிசையாகத் தோட்டங்கள் திறந்தன, கங்காணிகளோடு ஆட்கள் வந்தார்கள். வந்தவர்கள் கையில் பொருள் இல்லை. தலைக்குள் கதை இருந்தது. மெட்ராஸில் அச்சான பெரிய எழுத்துப் புத்தகங்களும் பின்னால் வந்தன: நல்லதங்காள், அரிச்சந்திரன், அல்லி அரசாணி. ஒருவர் படித்தால் லயத்து வரிசை வீடுகள் எல்லாமே கேட்கும். இதே ஆட்கள் இலங்கை மலையகத்துக்குப் போனபோது காமன் கூத்தையும் அருச்சுனன் தபசையும் பொன்னர் சங்கரையும் கொண்டுபோனார்கள். அங்கே அவை இன்னும் ஆடப்படுகின்றன.

தோட்டத்து நாடகம் எப்போது நடக்கும் என்பதைத் தீர்மானித்தது ரப்பர் மரம். விடியற்காலைக் குளிரில்தான் மரத்தின் உள்ளே அழுத்தம் கூடி நிற்கும், பால் நன்றாக வடியும். வெயில் ஏறினால் ஓட்டம் தளர்ந்துவிடும். ஆகவே இருட்டிலேயே பெரட்டு என்ற ஆள் கணக்கெடுப்பு, விளக்கோடு மரம் சீவல். மூன்றரை நான்கு மணிக்கு எழுகிறவர்களுக்கு விடிய விடிய நாடகம் ஒத்துவராது. எனவே திருவிழாச் சனிக்கிழமை, அதுவும் சம்பளம் போட்ட பிறகு. பல தோட்டங்களில் இஞ்சின் கரண்டு இரவில் சில மணி நேரம்தான். பிறகு காஸ்லைட் வெளிச்சம். கோயில் முன்னால் தகர டிரம்கள் மேல் பலகை அடுக்கினால் மேடை. சரிகைத் தாள் ஒட்டிய அட்டை, கிரீடம். பெண் வேடமும் ஆண்களுக்கே.

தோட்டத்தில் நடித்தவர்கள் தொழில் நடிகர்கள் இல்லை. எனவே இங்கே ஒத்திகை உண்டு. சில வாரம், சில மாதம்கூட, வேலை முடிந்த மாலைகளில். யார் சொல்லிக் கொடுப்பது? எழுதப் படிக்கத் தெரிந்தவர். 1923 தொழிலாளர் சட்டப்படி, பத்துப் பிள்ளைகளாவது இருக்கிற தோட்டம் பள்ளி நடத்த வேண்டும். அதனால் சின்னத் தோட்டங்களிலும் பெரும்பாலும் ஒரு வாத்தியார் இருந்தார். பகலில் பிள்ளைகளுக்கு அரிச்சுவடி, மாலையில் பெரியவர்களுக்குப் பாட்டும் வசனமும். வசனம் மறந்தால் திரைக்குப் பின்னால் புத்தகத்தோடு நின்று அடி எடுத்துக் கொடுப்பதும் பெரும்பாலும் அவர்தான். அந்தக் குரல் முன் வரிசைக்கும் கேட்கும். யாரும் தவறாக எண்ணியதில்லை.

இங்கேதான் நான் சொல்ல வந்த முக்கியமான இடம் வருகிறது. தோட்டத்துக் கூட்டத்துக்குக் கதையோடு நடிகரையும் தெரியும். மேடையில் அரிச்சந்திரன் சுடுகாட்டில் நின்று பாடுகிறான். அவன் முந்தாநாள் மேற்பார்வை பார்க்கும் மண்டோரிடம் ஏச்சு வாங்கி, அரைநாள் சம்பளம் இழந்தவன் என்று பார்க்கிற எல்லாருக்கும் தெரியும். நல்லதங்காள் பஞ்சம் தாங்காமல் அண்ணன் வீடு தேடி வந்து, அண்ணி மூளி அலங்காரியின் கொடுமையில் ஏழு பிள்ளைகளையும் கிணற்றில் தள்ளுகிறாள். அந்த ஏழும் லயத்துப் பிள்ளைகள்; இரண்டு மணிக்குத் தூக்கம் தாளாமல் மேடையிலேயே கண் சொருகுகிறவர்கள். அவர்களைப் பெற்றவள் சாக்கில் உட்கார்ந்து, தன் பிள்ளைதான் என்று தெரிந்தே தேம்பித் தேம்பி அழுவாள்.

இதை ஏமாற்று என்று நினைக்கக் கூடாது. இரண்டையும் ஒரே நேரத்தில் பார்க்கிற கண் அது. அவன் நம் ஆள் என்றும் தெரிகிறது, அரிச்சந்திரன் என்றும் தெரிகிறது. ஒன்று மற்றொன்றை அழிப்பதில்லை, ஆழமாக்குகிறது. உண்மை பேசியதால் எல்லாம் இழந்தவன் கதையை, கணக்குக் கேட்டால் வேலை போகும் என்று தெரிந்தவன் பாடும்போது, காசிச் சுடுகாட்டுக் கதை இந்தத் தோட்டத்துக் கதையாகிவிடும். சிறுவன் காந்தியை ராஜ்கோட்டில் உலுக்கியதும் ஓர் அரிச்சந்திர நாடகம்தான். தனக்குள்ளேயே அதை எண்ணற்ற முறை நடித்துப் பார்த்ததாகத் தம் வரலாற்றில் எழுதியிருக்கிறார். தோட்டத்து நாடகத்தில் முன் வரிசை நாற்காலியில் வெள்ளைக்காரத் துரை உட்கார்ந்திருப்பார். மொழி புரியாது. அவருக்கு அது வேடிக்கை; பின்னால் சாக்கில் இருந்தவர்களுக்கு வழக்கு.

முருகனும் அப்படித்தான். 1781-இல் எழுந்த மலாக்காப் பொய்யாத விநாயகர் கோயிலிலிருந்து, மாசி மகத்துக்கு வெள்ளி ரதத்தில் செங் சன்னாசிமலைக்குப் போகிற முருகனை, ஜாசினிலிருந்தும் அலோர் காஜாவிலிருந்தும் வருகிறவர்கள் ஆண்டுதோறும் கும்பிடுவார்கள். மேடையில் அதே முருகன் கிழவனாக வந்து விக்கல் எடுத்துத் தண்ணீர் கேட்டால், சாமியைக் கேலி செய்ய அன்றைக்கு மட்டும் கிடைத்த உரிமையைக் கூட்டம் விடாது. வள்ளிக்கு யோசனை சொல்லும் குரல்கள் எல்லாப் பக்கமிருந்தும் வரும்.

மேடையின் குணம் காலத்தோடு மாறியது. 1929 டிசம்பரில் பெரியார் மலாயா வந்தார். சீர்திருத்தச் சங்கங்கள் பரவின. 1952 முதல் கோ. சாரங்கபாணி முன்னெடுத்த தமிழர் திருநாள் விழாக்களில் நாடகம் ஓர் அங்கம். அவருடைய தமிழ் முரசு நாளிதழின் மாணவர் மணிமன்றத்தில் வளர்ந்த இளைஞர்கள் ஊர்தோறும் மணிமன்றங்கள் அமைத்தார்கள். ஆர்மோனியம் பின்னுக்குப் போனது, அடுக்குமொழி வசனம் முன்னுக்கு வந்தது. எட்டு மணி நேரம் இரண்டாகச் சுருங்கியது. கள்ளின் கேடு, சாதி, கைம்பெண் மறுமணம் என்று கதையும் மாறியது. ஆனால் கூட்டம் அதே கூட்டம். குடித்துவிட்டு மனைவியை அடிக்கிறவன் வேடத்தைப் பார்த்துச் சிரிக்கும்போது, நான்காம் வீட்டுக்காரரை எல்லாரும் ஓரக்கண்ணால் பார்ப்பார்கள். சமூக நாடகத்துக்கு இதைவிடக் கூரான கருவி கிடையாது.

"அப்புறம் ஏன் மாமா நின்னு போச்சு? டிவி வந்ததாலயா?"

டிவி ஒரு காரணம். 1963 கடைசியில் மலேசியாவில் ஒளிபரப்பு தொடங்கியது. அதற்கு முன்பே தோட்டத்துத் திடல்களில் வெள்ளைத் திரை கட்டிப் படம் காட்டினார்கள். ஆனால் படமும் டிவியும் நடிகனைத்தான் போட்டிக்கு அழைத்தன. கூட்டத்தைக் கலைத்தது வேறு. 1950களிலும் 60களிலும் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்க, வாங்கியவர்கள் துண்டு போட்டார்கள். அதைத் தடுக்கத்தான் 1960-இல் துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். 1968-இல் வந்த வேலை அனுமதிச் சட்டத்தால், குடியுரிமை இல்லாத ஆயிரக்கணக்கானோர் கப்பலேறினார்கள். ஒரு தோட்டத்தின் ராஜபார்ட் நாகப்பட்டினத்துக்கு, ஆர்மோனியக்காரர் பட்டணத்துக்கு, வாத்தியார் வேறு பள்ளிக்கு. பிறகு ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. அதற்கு அவ்வளவு ஆள் தேவைப்படவில்லை. செம்பனைக்குப் பின் வீடமைப்பு. டயமண்ட் ஜூப்ளி, ஜாசின் லாலாங் என்ற தோட்டப் பெயர்கள் இன்று நம் தமிழ்ப் பள்ளிகளின் பெயர்ப் பலகையில் இருக்கின்றன. அந்தப் பெயரைச் சொல்லி ஒன்றாக உட்கார்ந்த கூட்டம் செங்கிலும் குருபோங்கிலும் புக்கிட் பெருவாங்கிலும் அடுத்த வீட்டார் பெயர் தெரியாமல் குடியிருக்கிறது.

நாடகம் அழிந்ததற்கு நடிகர் இல்லாததைக் காரணம் காட்டுகிறோம். நடிப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். கோலாலம்பூரிலும் பினாங்கிலும் தமிழ் நாடகம் போடுகிறவர்கள் கைக்காசு செலவழித்துப் போடுகிறார்கள். சென்னையில் ந. முத்துசாமி 1977-இல் தொடங்கிய கூத்துப்பட்டறை, தெருக்கூத்துக்காரரிடம் பாடம் கேட்டு நடிகர்களை உருவாக்கியது. நம்மிடம் குறைந்தது பார்ப்பவர். கதையும் தெரிந்து, நடிகரையும் தெரிந்து, பக்கத்தில் இருப்பவரையும் தெரிந்து, வாய் திறந்து பதில் சொல்கிற பார்வையாளர். ஒரு நடிகரை ஆறு மாதத்தில் பயிற்றலாம். அப்படிப்பட்ட ஒரு கூட்டம் உருவாகத் தோட்டத்தில் இரண்டு தலைமுறை ஆனது.

"அப்ப நான் போயி என்ன செய்யணும் மாமா?"

சில எளிய காரியங்கள்தான். கதையை முன்னாலேயே தெரிந்துகொண்டு போ; தெரிந்துவிட்டால் சுவை போய்விடும் என்பது சினிமாப் பயம், மேடைக்குப் பொருந்தாது. முன் வரிசையில் உட்கார், பிள்ளைகளையும் முன்னால் உட்கார வை. தலைவர்களுக்குப் பின் வரிசை போதும். பேசுகிறவரை மட்டும் பார்க்காதே. எங்கே பார்ப்பது என்று சினிமாவில் கேமரா முடிவு செய்யும், மேடையில் நீதான் முடிவு செய்ய வேண்டும். நாரதர் பாடும்போது வள்ளி என்ன செய்கிறாள் என்று பார். கேட்கத் தெரிந்த நடிகர்தான் நல்ல நடிகர். சிரிப்பு வந்தால் அடக்காதே. தடுமாறினால் முகம் சுளிக்காதே. அந்தத் தடுமாற்றத்திலிருந்து எப்படி வெளியே வருகிறார் என்று கவனி, அன்றைய மாலையின் சிறந்த நிமிடம் அங்கே இருக்கலாம். கைப்பேசியைத் தூக்கிப் படம் பிடித்தால், உன் முகம் நடிகருக்கு மறைந்துவிடும். அவருக்கு அது விளக்கணைத்த மாதிரி. முடிந்ததும் ஓடாதே. அரிதாரம் கலைத்துவிட்டு வருகிறவரிடம் இரண்டு வார்த்தை பேசு. அடுத்த முறை மேடையில் அவரைப் பார்க்கும்போது, தோட்டத்துக் கண்ணில் பாதி உனக்கு வந்திருக்கும்.

நாடகம் நடத்துகிறவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். ஆயிரம் பேர் மண்டபத்தை ஓர் இரவு வாடகைக்கு எடுத்து, சிறப்பு விருந்தினர் மாலை மரியாதை முடிந்து பத்து மணிக்கு நாடகம் தொடங்கி, மறுநாள் எல்லாம் மறந்துபோவது நம் பழக்கம். அதே நாடகத்தை நூறு நூறு பேராகப் பத்து இடத்தில் போட்டால் பார்ப்பவர் தொகை அதேதான். மலாக்காவில் இருபதுக்கு மேல் தமிழ்ப் பள்ளிகள், ஒவ்வொன்றிலும் மண்டபமோ கூரையிட்ட திடலோ உண்டு. பத்தாவது இடத்துக்கு வரும்போது நாரதரின் தர்க்கம் கூர்ந்திருக்கும். முதல் இடத்தில் பார்த்தவர்களில் நாலு பேர், நேற்று வள்ளி என்ன பதில் சொன்னாள், இன்றைக்கு என்ன சொல்கிறாள் என்று கேட்க இரண்டாம் முறை வந்திருப்பார்கள். அந்த நாலு பேரிலிருந்துதான் மறுபடி ஒரு கூட்டத்தைக் கட்ட முடியும். இதற்கு ஓர் ஆர்மோனியம், ஒரு மிருதங்கம், சாமான் ஏற்ற ஒரு வேன், சனிக்கிழமைகளை விட்டுக்கொடுக்கச் சம்மதிக்கிற ஆறேழு பேர் போதும்.